ஒரு பெட்டி, ஒரு பட்டன்: ஹைப்பர்கார்டா, விஷுவல் பேசிக்கா, டிகின்டரா?

நிரல் எழுதுவது தொழிலாக இல்லாத ஒருவர், ஒரு கடைக் கணக்கர் என்று வையுங்கள், பெயரும் தொகையும் குறித்துவைக்க ஒரு சின்னத் திரை செய்ய நினைக்கிறார். இப்படித் திரை செய்ய உதவும் இந்த மூன்று கருவிகளில் எதில் செய்தால் பாதியில் கைவிடமாட்டார்?

1991-ல் வந்த விஷுவல் பேசிக்கில் தொடக்கம் அருமை. படிவத்தில் பட்டனை இழுத்து வைத்து, அதன்மேல் இரண்டு முறை கிளிக் செய்தால் நிரல் எழுத வேண்டிய இடம் தானே திறக்கும். 'எங்கே எழுதுவது' என்ற கேள்வியே எழாது. ஆனால் சாளரத்தைப் பெரிதாக்கினால் பட்டன்கள் மூலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். விபி6, அதாவது விஷுவல் பேசிக்கின் ஆறாம் பதிப்பு, அதன் பெட்டிகளுக்கு எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யுனிகோடும் தெரியாது. யுனிகோடு தமிழைக் கொடுத்தால் வரிசையாகக் கேள்விக்குறிதான் வரும்.

டிகின்டர் பைத்தான் என்ற நிரல்மொழியோடு சேர்ந்தே வருகிறது. இழுத்து வைக்க எதுவும் இல்லை, எல்லாம் எழுத்துதான். சாளரத்தை இழுத்தால் உள்ளே இருப்பவையும் நீளும்படி செய்யலாம். புதியவர் தடுக்குவது வேறிடத்தில்: பட்டனுக்குச் செயற்கூறின், அதாவது அழுத்தும்போது ஓடவேண்டிய நிரல்துண்டின், பெயரை மட்டும் தரவேண்டும். பழக்கதோஷத்தில் பெயருக்குப் பின் அடைப்புக்குறியையும் போட்டுவிட்டால், பட்டனைத் தொடுமுன்பே அந்தச் செயற்கூறு ஒருமுறை ஓடி முடிந்துவிடும். அப்புறம் எத்தனை முறை அழுத்தினாலும் அசையாது. பிழைச்செய்தியும் வராது. பாவம், அவர் எங்கே தேடுவார்?

இந்த இரண்டிலுமே பட்டன் வரைவதைவிடப் பெரிய சிக்கல் அதற்குப் பிறகுதான். தட்டிய தொகை எங்கே போகிறது? நிரலை மூடினால் போயே போச்சு. கோப்போ தரவுத்தளமோ கற்றாக வேண்டும். பில் அட்கின்சன் ஆப்பிளுக்காக உருவாக்கி 1987-ல் வெளிவந்த ஹைப்பர்கார்டில் இந்தக் கவலை கிடையாது. திரையே அட்டை, அட்டையில் எழுதியது தானாகவே சேமிக்கப்படும். பார்ப்பது, தட்டுவது, வரைவது, அமைப்பது, நிரல் எழுதுவது என ஐந்து படிகள். பயனராக நுழைந்தவர் ஒவ்வொன்றாக ஏறலாம். அதன் மொழி ஆங்கில வாக்கியம்போல் இருக்கும் என்று புகழ்வார்கள். அந்தச் சலுகை ஆங்கிலம் தெரிந்தவருக்கு மட்டுமே.

என் ஓட்டு ஹைப்பர்கார்டுக்கு. ஆனால் அதன் விற்பனை 2004-லேயே நின்றுவிட்டது. விபி6-க்கான ஆதரவும் 2008-ல் முடிந்தது. ஆகவே இன்று கணக்கருக்கு டிகின்டர்தான். கூடவே பைத்தானிலேயே இருக்கும் எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளத்தையும் கற்றுக்கொள்ளட்டும். தொகைகள் அதில் தங்கும். அந்த அடைப்புக்குறியை மட்டும் யாராவது முதல் நாளே சொல்லிவிடுங்கள்.