கொம்பியூட்டர் பவர் சப்ளைய 13.8 வோல்ட்டுக்கு மாத்தித் தாற கல்முனைக் கடை: போய்ப் பாத்த கதை

மச்சான்ட வேன் வித்த நேரம் கழட்டி வச்ச கார் அம்ப்ளிஃபையரும் (அம்ப்), பேஸ் அடிக்கிற சப் ஸ்பீக்கர் பெட்டியும் வீட்டில கனநாளாச் சும்மா கிடந்திச்சு, பழைய கொம்பியூட்டர் பவர் சப்ளை ஒண்டும் கிடந்திச்சு, சரி ரெண்டையும் சேப்பம் எண்டு பாத்தன். பச்ச வயரையும் கறுப்பையும் துண்டுக் கம்பியால கொழுவினா ஃபேன் சுத்தும், மஞ்சளில 12 வரும், அது தெரிஞ்ச விளையாட்டுத்தான். ஆனா லோட் குடுத்தா எனக்கு 11.6தான் நிண்டிச்சு, பேஸ் கொஞ்சம் கூடினா அம்ப் கட்டாகிக் கட்டாகி வரும். கார் ஓடக்குள்ள 14க்குக் கிட்ட வாற இடத்துக்குச் செஞ்ச சாமான் 11.6ல எப்பிடிப் பாடும்?

கல்முனை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒழுங்கைக்குள்ள டிவி ரேடியோ திருத்துற நானா ஒராள் இத மாத்திக் குடுக்கிறார் எண்டாங்க, களுவாஞ்சிகுடியில இருந்து பஸ்ஸில மடியில வச்சிக்கொண்டு போனன். கடையில பேர்ப் பலகை கூட இல்ல. மனிசன் விலை பேசவே இல்ல, முதல்ல மூடியக் கழட்டி டோர்ச் அடிச்சி உள்ளுக்கு வோல்ட்டக் கட்டுப்படுத்துற ஐசிட (சின்ன சிப்) நம்பரத்தான் பாத்தார். "494 இல்லாட்டி 7500 இருந்தா எடுப்பன் தம்பி, மத்ததக் கொண்டு போங்க." எனக்கு முன்னுக்கு நிண்ட பொடியன்ட சப்ளை புதுசு, அதத் திருப்பி அனுப்பிட்டார். எனக்கு அந்த இடத்திலதான் ஆள் மேல நம்பிக்கை வந்திச்சு, தெரியாத வேலைய ஏலாது எண்டு சொல்ற கடை எத்தின இருக்கு நம்மட பக்கம்.

வேலைய நிண்டு பாக்க விட்டார். கரண்ட் பக்கத்துப் பெரிய கப்பாசிட்டர் ரெண்டிலயும் சேத்து 300 வோல்ட்டுக்கு மேல நிக்கும், பிளக்கக் கழட்டினாலும் கொஞ்ச நேரம் கிடக்கும், அத ரெசிஸ்டர் வச்சி இறக்கி மீட்டர்ல பாத்திட்டுத்தான் கை வச்சார். மறுகா ஐசிட 1ஆம் காலுக்குப் போற ரெசிஸ்டருக்குப் பதிலா ஒரு பிரிசெட்ட, திருப்பி அளவு மாத்துற சின்ன ரெசிஸ்டர, போட்டு, 230 லைனில ஒரு 100 வாட் பல்ப்ப சீரிஸாக் கொழுவி ஓன் பண்ணினார், ஏதும் ஷோட் எண்டா பல்ப் பத்திக்கொண்டு நிக்கும், சாமான் தப்பும். பல்ப் மின்னிப்போட்டு மங்கிச்சு. மெல்ல மெல்லத் திருப்பினார், 12.4, 12.9, 13 தாண்டினதும் டக்கெண்டு நிண்டிட்டு. ஓவர் வோல்ட்டேஜ் காப்பு, வோல்ட் கூடினா சப்ளைய நிப்பாட்டுறது. எல்லா லைனும் ஒரே ட்ரான்ஸ்ஃபோமர்ல இருந்து வாறதால 12 கூடக்குள்ள 5 வோல்ட் லைனும் சேந்து கூடுது, காப்பு அதையும் பாத்துக்கொண்டுதான் இருக்கு. காப்ப அடியோட வெட்டி விடேல்ல, ரெசிஸ்டர் மாத்தி, அது நிப்பாட்டுற அளவ மேல தள்ளி வச்சார். 13.8 வந்ததும் பிரிசெட்ட எடுத்து அளந்து, அதே அளவுக்கு நிரந்தர ரெசிஸ்டர் ஒட்டினார், பிரிசெட் லூசானா வோல்ட் எங்க போய் நிக்கும் எண்டு சொல்லேலாதாம். மஞ்சள் எல்லாம் ஒரு கத்த, கறுப்பு எல்லாம் ஒரு கத்த, 5 வோல்ட் லைன் லோட் இல்லாமச் சும்மா கிடக்காம இருக்க சிவப்பிலயும் கறுப்பிலயும் 10 ஓம் 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் ஒண்டு. ரெண்டு மணித்தியாலம், 2500 ரூபா.

குறை எண்டா, 12 லைன்ல இருந்த, 16 வோல்ட் வரைக்கும்தான் தாங்குற கப்பாசிட்டர்கள அப்பிடியே விட்டிருந்தார். கேட்டா "தாங்கும் தம்பி" எண்டார். தாங்கும்தான், ஆனா 13.8ல, அதுவும் நம்மட கடக்கரைச் சூட்டில, எனக்கு மனம் ஒப்பேல்ல, 400 கூடக் குடுத்து 25 வோல்ட்டா மாத்துவிச்சன். அத அவரே கேக்காமச் செஞ்சிருக்கணும். ஃபேனும் 13.8ல விமானம் கிளம்புற மாதிரி இரைஞ்சிச்சு, அதுக்குச் சின்ன ரெசிஸ்டர் காசில்லாமப் போட்டுத் தந்தார்.

வீட்ட வந்து ரெண்டு கிழமையாப் போகுது. அம்ப் ஒருக்காலும் கட்டாகேல்ல, ஃபுல் பேஸ்ல 13.5க்குக் கீழ இறங்கேல்ல. ஸ்டிக்கர்ல 450 வாட் எண்டு கிடக்கு, அத நம்ப வேணாம், 8 அம்பியருக்கு மேல இழுக்காதீங்க எண்டு நானாவே சொல்லித்தான் விட்டவர்.

எனக்குப் பேராசை, 2022ல 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நேரம் வாங்கின கார் பெற்றரி ஒண்டு கிடக்கு, அதையும் இதில சார்ஜ் பண்ணுவம் எண்டு கொழுவினன். பெற்றரி நல்லா இறங்கிக் கிடந்தது, கொழுவின உடன சப்ளை நிண்டிட்டு. திரும்பப் போனன். சிரிச்சார், "இது பவர் சப்ளை தம்பி, சார்ஜர் இல்ல, கரண்ட மட்டுப்படுத்த இதில ஒண்டுமில்ல." பிறகு ஒரு பழைய ஹெட்லைட் பல்ப்ப, 12 வோல்ட் 55 வாட், சீரிஸாப் போட்டுக் காட்டினார், பெற்றரி வெறுமையா இருக்கக்குள்ள பல்ப் எரியும், ஏற ஏற மங்கிக்கொண்டு போகும். கரண்ட் போனா பெற்றரி திரும்ப சப்ளைக்குள்ள இறங்காம, கரண்ட ஒரு பக்கம் மட்டும் விடுற டயோட் ஒண்டும் போடணும், அது கொஞ்சம் வோல்ட்டத் திண்டிடும். அதுக்குப் பிறகு பெற்றரிக்கு இத நான் பாவிக்கிறேல்ல.

LED பட்டி, கார் செட், சின்ன பம்ப் ஓட்டுறவங்க தாராளமாப் போகலாம். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம் கடை பூட்டு. பாரமான பழைய சப்ளையாப் பாத்துக் கொண்டு போங்க, கையில தூக்கக்குள்ள லேசாக் கிடந்தா மனிசன் மூடியே கழட்ட மாட்டார்.