தொகுப்பில் எடுக்கும் ஒலியா, கையால் பதிந்த ஒலியா?

ஒரு கோப்பையை மேசையில் வைக்கும் காட்சி. இரண்டு விநாடிகூட இல்லை. அதில் சேர்க்க வேண்டிய ஒலிக்காக ஒரு மாலை முழுவதும், பிறர் பதிந்து வைத்த இணைய ஒலித் தொகுப்புகளில் தேடினேன், எதுவும் பொருந்தவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. கோப்பையை வைக்கும்போது இரண்டு ஒலிகள் எழுகின்றன. முதலில் அடிவிளிம்பு ஒரு பக்கமாகத் தொடும் 'டக்'. பிறகு முழு அடியும் படியும் மெல்லிய ஒலி. இடையிலுள்ள நேரம், வைக்கும் கையைப் பொறுத்தது. என் காட்சியில் இருந்தவர் தயங்கித் தயங்கி வைத்தார். தொகுப்பில் கிடைத்தவை எல்லாம் சட்டென வைத்தவை. கடைசியில் அதே கோப்பையை எடுத்து, கைப்பேசியை ஒரு சாண் தள்ளி வைத்து, படத்தை ஓடவிட்டபடியே நான்கு முறை வைத்துப் பார்த்தேன். மூன்றாவது பொருந்திவிட்டது. பத்து நிமிட வேலை.

ஹாலிவுட்டில் ஜாக் ஃபோலி 1920களின் இறுதியில் தொடங்கிவைத்த முறையும் இதுதான்: திரையைப் பார்த்தபடியே காலடியையும் உடை உரசலையும் நிகழ்த்திப் பதிவது. அந்தக் கலைக்கு இன்றும் அவர் பெயரே. பொருள் அசலாக இருக்க வேண்டும் என்பதில்லை. பனியில் நடக்கும் ஒலிக்குச் சோளமாவு நிரப்பிய பையை அமுக்குகிறார்கள்.

ஆனால் இடி, வெடி, பெருங்கூட்டத்தின் இரைச்சல் ஆகியவற்றுக்குத் தொகுப்பே சிறந்தது. கைப்பேசி மைக்கில் இடி முழக்கத்தின் ஆழ்ந்த தாழ்வான ஒலி சரியாகப் பதிவாகாது. உரிமத்தை மட்டும் படித்துவிட வேண்டும். பலரும் ஒலிகளைப் பகிரும் ஃபிரீசவுண்ட் தளத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமம் வேறு: சிலவற்றுக்குப் பெயர் குறிப்பிட வேண்டும், சிலவற்றை வணிகத்துக்குப் பயன்படுத்தவே கூடாது. பிபிசி 2018இல் 16,000 ஒலிகளைத் திறந்துவிட்டது. அவை தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும்தான்.

தொகுப்பின் இன்னொரு குறை, எல்லோரிடமும் அதே ஒலி இருப்பது. 1951இல் பதிவான 'வில்ஹெல்ம் அலறல்' என்ற ஒரே அலறல் ஒலி நூற்றுக்கணக்கான படங்களில் வந்துவிட்டது. தெரிந்தவர் காதில் அது விழுந்த கணமே கதை கலைந்துவிடும்.

எடிட்டிங் செயலியோடு வரும் 'விஷ்', 'பாப்' ஒலிகள் எழுத்து தோன்றி மறையும் இடங்களுக்குப் போதும். மனிதர் நடமாடும் காட்சியில் நான் அவற்றைத் தொடுவதில்லை.

பொருத்துவதில் தொகுப்பு ஒலி ஒரு பொறி வைத்திருக்கிறது. கோப்பின் தொடக்கத்தில் பெரும்பாலும் சிறு மௌனம் இருக்கும். அதை வெட்டாமல் டைம்லைனில் (எடிட்டிங் செயலியின் காலக்கோட்டில்) வைத்தால் ஒலி பிந்திவிடும். விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனிப்படங்கள், ஓடும் படத்தில் ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 42 மில்லி விநாடி. ஒலி அந்த அளவுக்குச் சற்றே பிந்தினால் காது பொறுத்துக்கொள்ளும். தொலைவில் நிகழ்வதைப் பார்த்த பிறகு கேட்பது நமக்குப் பழக்கம். முந்தினால் உடனே உறுத்தும். கையால் பதிந்ததில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் அறையின் இரைச்சல் கூடவே வந்துவிடும். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதியுங்கள். வெட்டிய இரு முனைகளிலும் இரண்டு ஃபிரேம் அளவுக்கு ஒலியை மெல்ல ஏற்றி இறக்கினால் வெட்டிய இடத்தில் 'டிக்' என்ற ஒலி கேட்காது.

அண்மையில் முடித்த மழைக் காட்சியில் இரண்டையும் சேர்த்தேன். இடி தொகுப்பிலிருந்து வந்தது. அதற்கு அதிரும் ஜன்னல் கண்ணாடியை விரல் நுனியால் தட்டி நானே பதிந்தேன். இடியின் அளவை ஆறு டெசிபல் இறக்கியதும் கண்ணாடியின் நடுக்கம் தெளிவாகக் கேட்டது. அந்த அறைக்குள் ஓர் ஆள் தனியாக இருப்பதும் அப்போதுதான் உறைத்தது.