"எக்ஸ்ஆர்டி பயிற்சி, 100% வேலை" விளம்பரம் உங்கள் கண்ணிலும் பட்டதா? எனக்கு 38,500 ரூபாய் போய்விட்டது

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். 38,500 ரூபாய். பதிவுக் கட்டணம் 1,500, முதல் தவணை 17,000, இரண்டாம் தவணை 20,000. அது திரும்பி வராது என்பது நேற்றுச் சாயங்காலம்தான் உறுதியாகத் தெரிந்தது. கோபத்தோடு எழுதுகிறேன், அங்கங்கே கோர்வை இருக்காது. எப்படித் தப்பிப்பது என்று கடைசியில் பத்துக் குறிப்பு தருகிறேன், அதையாவது படித்துவிடுங்கள்.

நான் எம்.எஸ்சி. இயற்பியல், விருதுநகர் பக்கம். ப்ராஜெக்டில் முருங்கை இலைச் சாறு விட்டு ஜிங்க் ஆக்சைடு நானோ துகள் செய்தேன். (சிரிக்க வேண்டாம். எங்கள் வகுப்பில் ஒன்பது பேர் ஜிங்க் ஆக்சைடுதான், இலை மட்டும் ஆளுக்கொன்று.) பொடியைச் சின்னக் குப்பியில் அடைத்து, பெயர் எழுதி, எக்ஸ்ஆர்டி மெஷின் (பொடி மேல் எக்ஸ்ரே விட்டு, உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று பார்ப்பது) இருக்கிற வேறொரு கல்லூரிக்குக் கூரியரில் அனுப்புவோம். பத்து நாள் கழித்து மெயிலில் கிராஃப் வரும். அதில் பீக்கை (கோடு கூர்மையாக உயரும் இடம்) குறித்து, தெரிந்த பொருள்களின் பீக் விவரம் இருக்கும் ஜேசிபிடிஎஸ் கார்டோடு ஒப்பிட்டு, பீக்கின் அகலத்தை ஷெரர் வாய்ப்பாட்டில் போட்டுப் படிகத் துகள் அளவு கண்டுபிடித்துவிட்டால் ப்ராஜெக்ட் முடிந்தது. அந்தக் கார்டை வெளியிடும் அமைப்பின் பெயர் 1978லேயே ஐசிடிடி என்று மாறிவிட்டது, நம்மூரில் இன்னும் ஜேசிபிடிஎஸ் கார்டுதான். வைவாவில் எக்ஸ்ஆர்டி பற்றி இருபது நிமிடம் பேசினேன். அந்த மெஷினை அதுவரை நேரில் பார்த்ததே இல்லை.

படிப்பு முடித்து எட்டு மாதம் வேலை இல்லை. அந்த நேரத்தில்தான் ரீல்ஸ் ஓடும் ஒரு செயலியில் இந்த விளம்பரம் வந்தது. மூன்று மாதம் ஆன்லைன் வகுப்பு, ஒரு வாரம் நேரில் மெஷினில் கைப்பழக்கம், முடித்ததும் மருந்துக் கம்பெனியிலோ ஆய்வகத்திலோ வேலை. பயிற்சி மையத்தின் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு காரணம். இவர்கள் நாளைக்கே வேறு பெயரில் வருவார்கள் என்பது இன்னொரு காரணம்.

நான் ஏன் நம்பினேன் என்பதைத்தான் விளக்கமாகச் சொல்ல வேண்டும். "இவ்வளவு படித்தும் ஏமாந்தாயா" என்று சித்தப்பா கேட்டுவிட்டார், நீங்களும் கேட்பீர்கள்.

அறிமுகக் கூட்டம் சாயங்காலம் 7 மணிக்கு. பேசியவர் ரொம்ப மரியாதையான ஆள். "உங்க ப்ராஜெக்ட் கிராஃப் இருந்தா ஸ்கிரீன்ல போடுங்கம்மா" என்றார். போட்டேன். உற்றுப் பார்த்துவிட்டு, "36.2ல என்ன கூர்மையா இருக்கு பாருங்க! இதைச் செய்த பொண்ணு வீட்ல சும்மா உட்காரலாமா?" என்றார். எட்டு மாதமாக என் ப்ராஜெக்டை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. என் வழிகாட்டிகூட அட்டையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். கிராஃப் தலைப்பிலேயே ஜிங்க் ஆக்சைடு என்று எழுதியிருந்தது. ஜிங்க் ஆக்சைடின் பெரிய பீக் 36.2 டிகிரி பக்கம் வரும் என்பது இந்தப் பாடம் படித்த எவருக்கும் தெரியும். இது இப்போது புரிகிறது.

அப்புறம் ஜி.என்.ராமச்சந்திரனைப் பற்றிப் பேசினார். "சென்னைப் பல்கலைக்கழகத்துல உட்கார்ந்து, எக்ஸ்ரே படத்தை வெச்சு 1954ல கொலாஜன்ங்கிற புரதத்துக்கு மும்முறுக்குச் சுருள்னு உலகத்துக்குச் சொன்னவர். அந்த மண்ணுல இருந்துக்கிட்டு எக்ஸ்ஆர்டி தெரியாதுன்னு சொல்லலாமா?" எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. சொன்னது உண்மைதான். அந்தப் பெரிய மனிதரின் பெயரை இதற்குப் பயன்படுத்தினார்களே என்பதுதான் இப்போது எரிகிறது.

கடைசியாக "இப்ப லைவா நம்ம லேபுக்குப் போவோம்" என்று வீடியோவை மாற்றினார். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் பொடியைக் குழியில் நிரப்பி, கண்ணாடித் தகட்டால் அழுத்தி மட்டம் செய்து, மெஷினுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். கோணம் அளக்கும் கோனியோமீட்டரின் இரண்டு கைகளும் மெல்ல எழும்பின. திரையில் பீக் ஒவ்வொன்றாக முளைத்தது. பின்னால் சுவரில் ஒரு கடிகாரம், அதில் மணி 11.20. எங்கள் வீட்டில் மணி 7.40. ஓடாத கடிகாரம் போல என்று நினைத்துக்கொண்டேன், எங்கள் வீட்டுக் கடிகாரமும் பாதி நாள் நின்றுதான் இருக்கும். பிறகு பதிவைத் திரும்பப் போட்டுப் பார்த்தால், அந்தக் கடிகாரத்தில் வினாடி முள் நன்றாகவே ஓடுகிறது.

அன்று ராத்திரியே 1,500 கட்டினேன். அந்த வாரமே 17,000. அது அப்பாவின் சீட்டுப் பணம். இரண்டாம் மாதம் 20,000, அதற்கு அம்மாவின் செயின் கூட்டுறவு வங்கிக்குப் போனது. ஆக 38,500.

வகுப்பு நடந்ததா என்றால், நடந்தது. பிராக் விதி இரண்டு வாரம், மில்லர் குறியீடு இரண்டு வாரம். பி.எஸ்சி. புத்தகத்தில் இருப்பதுதான். மூன்றாம் மாதம் "உங்களுக்காகவே நம்ம மெஷின்ல ஓட்டின டேட்டா" என்று ஒரு ஃபைல் அனுப்பினார்கள். "மாதிரி 7" என்று பெயர். என்ன பொருள் என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டு ஈய சல்பேட் என்று கண்டுபிடித்தேன். அன்று எவ்வளவு சந்தோஷம் தெரியுமா.

அது எங்கிருந்து வந்தது என்பதைக் கேளுங்கள். நேரில் வரச் சொல்வார்கள் என்று காத்திருந்த நாட்களில் ரீட்வெல்டு முறையை நானாகவே கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன். 1969ல் ஹ்யூகோ ரீட்வெல்டு முழுமையாக எழுதிய முறை. கிராஃபில் நாலு பீக்கை மட்டும் எடுத்துக்கொள்ளாமல் மொத்தக் கோட்டையும் கணக்கிட்டுப் பொருத்துவது. அதற்கு ஜிசாஸ்-2, ஃபுல்ப்ராஃப் என்ற மென்பொருள்கள் இலவசம். ஜிசாஸ்-2 பயிற்சிப் பாடத்தில் கொடுத்திருக்கும் ஒரு மாதிரி ஈய சல்பேட். சும்மா பார்ப்போமே என்று அதையும் "மாதிரி 7"ஐயும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, கழித்துப் பார்த்தேன். பூஜ்யம். முழுக்க ஒரே நேர்கோடு.

பீக் ஒத்துப்போவது பெரிதில்லை, ஒரே பொருள் என்றால் ஒத்துப்போகத்தான் வேண்டும். அடியில் இருக்கிற இரைச்சலும் (கோடு நடுங்குகிற சின்னச் சின்ன ஏற்ற இறக்கம்) எண்ணுக்கு எண் ஒத்துப்போனது. ஒரே பொடியை ஒரே மெஷினில் அடுத்தடுத்து இரண்டு தரம் ஓட்டினாலும் இரைச்சல் அப்படியே திரும்பி வராது, எண்ணிக்கை கொஞ்சமாவது மாறும். அவர்களிடம் மெஷினே கிடையாது. 38,500 ரூபாய்க்கு விற்றது உலகத்துக்கே இலவசமாகக் கிடைக்கிற ஃபைல்.

இந்தச் சமயத்தில் ஹைதராபாத்தில் ஒரு மருந்துக் கம்பெனியில் நேர்காணல் வந்தது. மையம் வாங்கித் தரவில்லை, சீனியர் அக்கா ஒருவர் சொல்லி நானே விண்ணப்பித்தது. மையம் கொடுத்த சான்றிதழையும் சேர்த்து அனுப்பியிருந்தேன். அதில் "120 மணி நேர நேரடி மெஷின் பயிற்சி" என்று அச்சடித்திருந்தது. வந்தபோதே எனக்கு உறுத்தியது, ஆனாலும் அனுப்பினேன். அது என் தப்பு, மறைக்கவில்லை.

கேள்வி கேட்ட மேடம் பொறுமையாகத்தான் ஆரம்பித்தார். பொடி, அதை வைக்கும் ஹோல்டரின் மட்டத்துக்கு மேலே தூக்கிக்கொண்டு இருந்தால் பீக் எந்தப் பக்கம் நகரும்? தெரியவில்லை. (அதிகக் கோணப் பக்கம். இனி செத்தாலும் மறக்காது.) தட்டுத்தட்டாகப் படியும் பொடியை முன்பக்கமிருந்து அழுத்தி நிரப்பினால் என்ன ஆகும்? துகள்கள் ஒரே திசையில் படுத்துக்கொண்டு பீக் உயரங்கள் பொய் சொல்லும், அதனால் பின்பக்கமிருந்து நிரப்புவார்கள். இதுவும் தெரியவில்லை. ஷெரர் வாய்ப்பாட்டில் போடும் அகலத்திலிருந்து மெஷின் தன் பங்குக்குச் சேர்க்கும் அகலத்தைக் கழித்தீர்களா, எந்தப் பொடியை வைத்து அதை அளந்தீர்கள்? அதற்கு வைக்கும் பொடி லாந்தனம் ஹெக்ஸாபோரைடு, அந்தப் பெயரையே அன்றுதான் கேட்டேன். கடைசியாக, "ஓடிக்கொண்டிருக்கும்போது கதவைத் திறந்தால் என்ன ஆகும்?" என்றார். கதிர் வெளியே வரும் என்று பயந்துகொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "திறக்கவே விடாதும்மா. மீறித் திறந்தா கதிர் நின்னுடும். ஒரு நாள் மெஷின் பக்கத்துல நின்னிருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும்" என்றார்.

இந்த வேலை எதற்கு என்பதையே அவர் சொல்லித்தான் சரியாகப் புரிந்துகொண்டேன். ஒரே மருந்து மூலக்கூறு வேறு வேறு விதமாக அடுக்கிப் படிகமாகும். அடுக்கு மாறினால் கரைவது மாறும், உடம்பில் வேலை செய்வதும் மாறும். 1998ல் ரிடோனாவிர் என்ற எச்ஐவி மருந்தில், அதுவரை யாரும் பார்க்காத ஒரு படிக வடிவம் திடீரென்று வந்து, கேப்சூல்களையே சந்தையிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. அப்படி எதுவும் நுழைந்துவிடாமல் பார்ப்பதுதான் மருந்துக் கம்பெனியில் எக்ஸ்ஆர்டியின் வேலை. "எக்ஸ்ஆர்டி நிபுணர்" என்று தனியாக யாரையும் எடுப்பதில்லையாம். தரக்கட்டுப்பாட்டுக்கு ஆள் எடுப்பார்கள், பத்துக் கருவிகளில் இது ஒன்று. அரியலூர் பக்கம் சிமென்ட் ஆலை ஆய்வகத்தில் இருக்கும் சீனியர் அண்ணனும் இதையேதான் சொன்னார். கிளிங்கரில் (அரைத்தால் சிமென்ட் ஆகும் சுட்ட கட்டி) அலைட், பெலைட் என்ற படிகங்கள் எவ்வளவு என்று பார்ப்பது அங்கே அன்றாட வேலை. ஆனால் அவரைச் சேர்த்தது ஷிப்ட் கெமிஸ்ட்டாக.

சரி, மையத்துக்கு வருகிறேன். நேர்காணல் முடிந்த மறுநாளே கூப்பிட்டேன். அதிலிருந்து வந்த பதில்கள் வரிசையாக:

"எக்ஸ்ரே ட்யூப் போயிடுச்சும்மா, வெளிநாட்ல இருந்து வரணும்."

"ட்யூப் வந்தாச்சு, சில்லர் ரிப்பேர்."

"ப்ளேஸ்மென்ட் டீம் லீவு."

"மேடம், நீங்க க்ரூப்ல நெகட்டிவா பேசினதால உங்களை எடுத்துட்டோம்." நான் க்ரூப்பில் கேட்டது ஒரே கேள்வி, மெஷின் எந்த ஊரில் இருக்கிறது என்று.

"பணம் 45 வேலை நாள்ல வரும்." 45 நாள் ஆனதும், "வேலைக்கான வைப்புத்தொகை 12,000 கட்டினால்தான் கணக்கை முடிக்க முடியும்." 38,500ஐத் திரும்ப வாங்க இன்னும் 12,000! நல்லவேளை, அதைக் கட்டவில்லை. கட்ட வீட்டில் ஒன்றும் இல்லை என்பதுதான் உண்மை.

அந்த மரியாதைக்கார மனிதரை நேற்று வேறு எண்ணிலிருந்து பிடித்தேன். "சார், நான்தான், ஜிங்க் ஆக்சைடு" என்றேன். அவருக்கு நினைவே இல்லை. "எந்த பேட்ச்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். இப்போது அந்த எண்ணும் போகவில்லை.

குறிப்புகளுக்கு வருகிறேன்.

மெஷின் எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில் இருக்கிறது, நேரில் வந்து பார்க்கலாமா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். மழுப்பினால் அங்கேயே விட்டுவிடுங்கள். உண்மையான மெஷின்கள் எங்கே என்பது ஒன்றும் ரகசியமில்லை: சென்னை ஐஐடியின் சைஃப் என்ற கருவி மையம், காரைக்குடி சிக்ரி ஆய்வகம், கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையம், பெரிய பல்கலைக்கழகங்களின் கருவி மையங்கள். ஐ-ஸ்டெம் என்ற அரசுத் தளத்தில் எந்த நிறுவனத்தில் எந்தக் கருவி இருக்கிறது என்று தேடலாம். பக்கத்தில் இருக்கிற மையத்துக்கு உங்கள் பொடியை நீங்களே எடுத்துப்போய், ஓட்டுகிற ஆபரேட்டர் அண்ணனிடம் நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். நான் இதைச் செய்யாமல் கூரியரில் அனுப்பினேன்.

மென்பொருளுக்கு யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். மேலே சொன்ன இரண்டும், படிக அமைப்பை வரைந்து பார்க்கும் வெஸ்டாவும் இலவசம். படிகத் தரவுக்கு சிஓடி என்ற தரவுத்தளம் இருக்கிறது, அதுவும் இலவசம்.

வேலை தருகிறேன் என்று வைப்புத்தொகை கேட்டால் மோசடிதான், யோசிக்கவே வேண்டாம். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குக் கூப்பிடுங்கள். நான் மூன்று மாதம் தாமதித்தேன், "சீக்கிரம் சொல்லியிருந்தா கணக்கை முடக்கியிருக்கலாம்" என்றார்கள். நுகர்வோர் உதவி எண் 1915. பிராக் விதியைத் தந்த பிராக் அப்பாவும் மகனும் நோபல் வாங்கிய வருடமும் அதுதான், நம் ஆட்களுக்கு மறக்காது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் புகார்க் கட்டணமும் கிடையாது.

பத்து என்று சொன்னேன், இவ்வளவுதான் வருகிறது. செயினுக்கு வட்டி கட்ட இன்று கடைசி நாள், வங்கி மூடுவதற்குள் போகணும். எங்கள் பேட்ச்சில் 22 பேர் இருந்தோம், க்ரூப்பிலிருந்து எடுத்துவிட்டதால் யார் எண்ணும் என்னிடம் இல்லை. "மாதிரி 7" என்று ஒரு ஃபைல் உங்களுக்கும் வந்திருந்தால் கீழே எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.