மாங்கூழ் ஆலையில் பயிற்சி: கைபேசிப் பாடமா, மெஷின் பக்கத்திலா?

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் பெங்களூரா ரக மாம்பழ வரத்து தொடங்கியதும் புது ஆட்கள் ஒரேயடியாகச் சேர்வார்கள். முழுநாள் வகுப்பு வைத்தால் லைன் நிற்கும். மறுவாரம் பாதி மறந்தும் போகும். இங்கே 3 நிமிட வீடியோதான் கைகொடுக்கும். கை கழுவும் முறை, தலையுறை, நகை கழற்றுவது, எது அழுகல், எது வெம்பல் என்பதெல்லாம் பார்த்தாலே புரியும். ஒரு வீடியோவுக்கு ஒரே விஷயம், முடிவில் 2 கேள்வி, 3 நாள் கழித்து அதே கேள்வி மறுபடியும். தெலுங்கு, கன்னடம் பேசும் ஊழியர்களுக்கு அவரவர் மொழியில் வேண்டும். வேலை நேரத்திலேயே, உடைமாற்றும் அறையில் பார்க்க வையுங்கள். வீட்டில் பார்க்கச் சொன்னால் ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள்.

டின் மூடும் சீமிங் மெஷினை எந்த வீடியோவும் கற்றுத்தராது. மூடியும் டின்னும் சேரும் விளிம்பின் இரட்டை மடிப்பை வெட்டி, மூடியின் கொக்கியும் டின்னின் கொக்கியும் சரியாகக் கவ்வியிருக்கின்றனவா என்று அளப்பது கைப்பழக்கம். முதலில் அனுபவசாலி செய்ய, பிறகு புதியவர் செய்ய, கடைசியில் புதியவரே காரணத்தோடு விளக்க வேண்டும். கூழின் சர்க்கரை அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரும் அப்படித்தான். காய்ச்சி வடித்த நீரில் பூஜ்யம் சரிபார்க்காமல் எடுத்த பிரிக்ஸ் (சர்க்கரை) அளவை நம்ப முடியாது. வெப்பத் திருத்தம் இல்லாத கருவியில் சூடான கூழை வைத்தால் அளவு குறைவாகக் காட்டும்.

எங்கள் பரிந்துரை: காலையில் வீடியோ, அதே ஷிப்டில் மெஷின் பக்கத்தில் பயிற்சி. நீராவி வால்வு, காஸ்டிக் சோடா கழுவலில் மட்டும் கேள்விகளுக்கு முழு மதிப்பெண் வாங்கியவரையும், சூப்பர்வைசர் கண்முன் செய்து காட்டும்வரை தனியாக விடாதீர்கள்.