வேட்டைக் குத்தகை என்று 1,800 டாலர் போய்விட்டது: பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

ஓஹாயோவில் இருக்கும் நம்மவர்கள் யாராவது மான் வேட்டை சீசனுக்கு நிலம் குத்தகைக்குத் தேடிக்கொண்டிருந்தால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். எனக்கு 1,800 டாலர் போய்விட்டது. ஊர்க் கணக்கில் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல். போன சனிக்கிழமைதான் விஷயமே தெரிந்தது. இன்று புதன். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். இன்று காலை பார்த்தால் அதே ஆள், அதே நான்கு படங்களோடு, விளம்பரத்தை மறுபடி ஏற்றியிருக்கிறான். இப்போது ஒரு பங்கு 1,500 டாலராம். அடுத்து யார் தலையில் கட்டப் போகிறானோ. அதனால்தான் எழுதுகிறேன்.

“மானைக் கொல்லப் போனவனுக்கு இது வேண்டும்” என்று சொல்ல நினைப்பவர்களுக்கு முதலிலேயே ஒரு வார்த்தை. நம் ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் மான் வேட்டை குற்றம். அது நியாயம்தான். இங்கே கதை வேறு. 1904 வாக்கில் ஓஹாயோவில் வெள்ளைவால் மானே இல்லாமல் போயிற்று. பிறகு அரசு வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டு, காப்பாற்றி, பெருக்கி, இன்று ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் வேட்டையாடியும் குறையாத அளவில் இருக்கிறது. பாடம் படித்து, தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, விழுந்த ஒவ்வொரு மானையும் அரசிடம் பதிவு செய்து நடக்கிற வேலை இது. எங்கள் வீட்டில் குளிர்காலம் முழுக்கக் குழம்புக்கு அந்தக் கறிதான். இதற்கு மேல் இதைப் பற்றி வாதாட எனக்கு இப்போது தெம்பில்லை.

வில் வேட்டையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் அலுவலகத்தில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். மூன்று வருடமாக வெய்ன் தேசிய வனத்தில் அவரோடு போய்வந்தேன். அது பொது நிலம். உரிமம் இருந்தால் யாரும் போகலாம், காசு கிடையாது. ஆனால் கூட்டம். இருட்டில் எழுந்துபோய், மரத்தில் ஏறி, மூச்சை அடக்கி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்போம். விடிகிற நேரத்தில் இன்னொருவர் விளக்கோடு மரத்தடியில் நடந்துபோவார். அவ்வளவுதான், அன்றைய நாள் முடிந்தது. வில்லுக்கு மான் இருபது, முப்பது கஜத்துக்குள் வந்தாக வேண்டும். அந்த அமைதி பொது நிலத்தில் கிடைப்பதில்லை. இந்த வருடம் பெரியவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை, வர முடியவில்லை. நானே ஒரு இடம் பார்த்துக்கொள்வோம் என்று குத்தகை தேட ஆரம்பித்தேன்.

விளம்பரம் கிடைத்த இடம் வேட்டைக்கென்று உள்ள தளம் இல்லை. பழைய சோபா முதல் டிராக்டர் வரை எல்லாரும் எல்லாமும் விற்கிற இடம். தென்கிழக்கு மலைப்பகுதியில் 64 ஏக்கர், வெள்ளை ஓக் மரங்கள் நிறைந்த மலைமுகடு, ஏணி வைத்த மரப்பரண் மூன்று, மூன்று பேருக்கு மட்டும் பங்கு, சீசன் முழுக்க ஆளுக்கு 1,800. செப்டம்பர் நடுவில் பார்த்தேன். அன்று ராத்திரியே கூப்பிட்டேன்.

நாற்பது நிமிடம் பேசினான். நான் விழுந்தது அந்த நாற்பது நிமிடத்தில்தான், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விளம்பரப் படங்களில் ஒன்றில் இலை நுனியெல்லாம் கூராக இருந்தது. வெள்ளை ஓக் இலைக்கு மடல் நுனி உருண்டையாக இருக்கும். கூரான நுனி சிவப்பு ஓக். “வெள்ளை ஓக் என்று போட்டிருக்கிறீர்கள், படத்தில் சிவப்பு ஓக் அல்லவா?” என்று கேட்டேன். ஒரு நொடி கூடத் தயங்கவில்லை. “நல்லாப் பார்த்திருக்கீங்க. அது கீழே பள்ளத்துல இருக்கிறது. முகட்டுல இருக்கிறது அத்தனையும் வெள்ளை” என்றான். பிறகு பாடமே நடத்தினான். வெள்ளை ஓக் கொட்டை ஒரே வருடத்தில் முற்றிவிடும், துவர்ப்பு குறைவு, அதனால் கொட்ட ஆரம்பித்ததும் மான் மற்றதை விட்டுவிட்டு முதலில் அங்கேதான் வரும். சிவப்பு ஓக் கொட்டைக்கு இரண்டு வருடம் ஆகும், துவர்ப்பு அதிகம், குளிர் முற்றிய பிறகுதான் அதன் பக்கம் திரும்பும். எல்லா மரமும் எல்லா வருடமும் காய்க்காது. இந்த முறை முகட்டில் மூன்று மரம் காய்த்துத் தொங்குகிறது, நடுப் பரணுக்கு வடக்கே இருப்பது மலடு, அதை நம்பி உட்காராதீர்கள் என்றான். விடியும்போது குளிர்ந்த காற்று பள்ளத்தைப் பார்த்து இறங்கும், வெயில் ஏறியதும் மேலே திரும்பும், ஆகையால் ஒன்பதரைக்கு மேல் அந்தப் பரணில் உங்கள் வாடை மானுக்குப் போய்விடும் என்றான்.

எல்லாமே சரி. ஒரு வார்த்தை பிசகில்லை. கடைசியாக, மரத்திலிருந்து விழாமல் காக்கும் பாதுகாப்பு வாரைப் பற்றி ஒன்று கேட்டான்: “உடம்பு முழுக்க மாட்டுற ஹார்னெஸ் வச்சிருக்கீங்களா? அது இல்லாம என் நிலத்துல யாரையும் மரம் ஏற விடமாட்டேன். வீட்டுல குழந்தைங்க இருக்கில்ல?”

அந்த இடத்தில்தான் முழுசாக நம்பினேன். என் உயிரைப் பற்றிக் கேட்கிறவன் என் பணத்தைத் திருடுவான் என்று எப்படி நினைப்பேன்? அவன் காட்டை அறிந்திருந்தான். அதனால் காடு அவனுடையது என்று எடுத்துக்கொண்டேன்.

“ஏங்க, ஒரு தடவை நேர்ல போய்ப் பார்த்துட்டு அனுப்பக் கூடாதா?” என்று என் மனைவி கேட்டாள். நானும் அவனிடம் கேட்டேன். “தாராளமா வாங்க. ஆனா சீசனுக்குப் பத்து நாள்தான் இருக்கு. இப்போ போய் மிதிச்சு மனுஷ வாடையைப் பரப்பினா பெரிய கொம்பு மானுங்க ராத்திரி நடமாட்டத்துக்கு மாறிடும். மத்த ரெண்டு பங்காளிகளும் அதனாலதான் போகாம இருக்காங்க” என்றான். இதுவும் வேட்டைக்காரர்கள் உண்மையிலேயே சொல்கிற விஷயம்தான். எங்கள் பெரியவரும் சொல்வார். மெய்யான பேச்சை எடுத்து என் கண்ணைக் கட்டிவிட்டான்.

முன்பணம் 500, இரண்டு நாள் கழித்து 1,300. வங்கி ஆப் வழியாக நேரடியாக அனுப்பினேன். ஆறு பக்க ஒப்பந்தம் வந்தது. விபத்து நடந்தால் நிலக்காரர் பொறுப்பில்லை என்று தனிப் பக்கம், கையெழுத்து, நிலத்தில் வேட்டையாட எழுத்து அனுமதி, எல்லாம். மொத்தம் 1,800 டாலர். வரைபடத்தில் குறி போட்ட இடமும், கேட் பூட்டுக்கு நான்கு இலக்க எண்ணும் கொடுத்தான்.

சனிக்கிழமை நாலு மணிக்குக் கொலம்பஸிலிருந்து கிளம்பி, ஐந்தே முக்காலுக்குக் கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். எண் போட்டேன், பூட்டு திறக்கவில்லை. திருப்பித் திருப்பிப் போட்டேன். கூப்பிட்டால் எடுக்கவில்லை. எண் வேலை செய்யாவிட்டால் பக்கவாட்டில் நடந்து போங்கள் என்று முந்தின ராத்திரியே செய்தி அனுப்பியிருந்தான். நடந்தேன். அங்கேயே திரும்பியிருக்க வேண்டும்.

அவன் சொன்ன இடத்தில், சொன்ன மரத்தில், பரண் இருந்தது. பெரிய வெள்ளை ஓக். காலடியில் கொட்டை நொறுங்கியது. ஆனால் “போன மாதம் புதுப் பட்டை போட்டேன்” என்று அவன் சொன்னது பச்சைப் பொய். பரணை மரத்தோடு கட்டியிருந்த நைலான் பட்டை வெயிலில் வெளுத்து, நார் நாராகத் தெரிந்தது. ஒரு பக்கம் பட்டையின் மேல் மரமே வளர்ந்து அதைப் பாதி விழுங்கியிருந்தது. ஏணியில் ஒரு காலை வைத்து அழுத்தினேன், மேலே ‘சடக்’ என்றது. உடனே இறங்கிவிட்டேன். இருட்டில் பார்க்காமல் ஏறியிருந்தால்? பதினெட்டு அடி. ஏறும்போதே ஹார்னெஸை மரத்தில் கட்டிய உயிர்க்கயிற்றில் மாட்டுகிற பழக்கம் எனக்கு உண்டு. ஆனால் எத்தனையோ பேர் மேலே போய் உட்கார்ந்த பிறகுதான் மாட்டுகிறார்கள். அந்த ஆளுக்கு இது தெரியாதா? ஹார்னெஸ் பற்றி எனக்குப் பாடம் எடுத்தவனுக்கு?

மரத்தடியிலேயே உட்கார்ந்தேன். விடிந்ததும் ஒரு பெண்மான் இரண்டு குட்டிகளோடு வந்து இருபது கஜத்தில் கொட்டை பொறுக்கித் தின்றது. வில்லை எடுக்கவில்லை. மனசு ஏற்கெனவே சரியில்லை.

எட்டேகாலுக்கு வண்டிச் சத்தம். எழுபது வயசுக்கு மேல் இருக்கும் ஒரு அம்மாள், கூட ஒரு பேரப் பையன். நான் எழுந்து நின்று வணக்கம் சொல்லி, குத்தகைத் தாளை எடுத்துக் காட்டினேன். அந்த அம்மாள் கண்ணாடி போட்டு, ஆறு பக்கத்தையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு சொன்னார்: இந்த நிலத்தை நாங்கள் ஒருநாளும் யாருக்கும் குத்தகைக்கு விட்டதில்லை. இதில் இருக்கிற பெயரில் எங்களுக்கு யாரும் கிடையாது. இந்த வாரத்தில் நீங்கள் இரண்டாவது ஆள். அந்தப் பரண் என் கணவர் கட்டியது. அவர் போய் நான்கு வருடம் ஆகிறது, அதன்பின் அதில் யாரும் ஏறவில்லை.

ஒரு விதவையின் நிலத்தில், அவர் கணவர் பரண் கட்டிய மரத்தடியில், கையில் வில்லோடு திருடன் மாதிரி நின்றேன். 1,800 டாலர் போனதைவிட அதுதான் இன்னும் குத்துகிறது. ஓஹாயோவில் நிலக்காரரின் எழுத்து அனுமதி இல்லாமல் தனியார் நிலத்தில் வேட்டையாடுவது குற்றம். அவர் ஒரு போன் போட்டிருந்தால் வனவிலங்கு அதிகாரி வந்து என் மேல் வழக்குப் போட்டிருக்கலாம். போடவில்லை. செய்திகளையெல்லாம் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். கணவர் காலத்தில் அனுமதி வாங்கி இங்கே வேட்டையாடிய யாரோ ஒருவன்தான் என்று அவருக்குச் சந்தேகம். மலட்டு மரம் வரைக்கும் சரியாகச் சொன்னானே, எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் கேவலம். அவனுக்குச் செய்தி போட்டேன். “நீங்க தப்பான முகட்டுக்குப் போயிட்டீங்க” என்றான். வரைபடத்தை அனுப்பினேன். “அண்ணன்கிட்ட கேட்டுச் சொல்றேன்” என்றான். மாலைக்குள் என் எண்ணைத் தடுத்துவிட்டான். விளம்பரம் வந்த தளத்துக்கு எழுதினால், பயனர்களுக்கு இடையிலான கொடுக்கல் வாங்கலுக்கு நாங்கள் பொறுப்பில்லை, பணம் எங்கள் வழியாக வரவில்லை என்று இரண்டு வரி. இன்று மறுபடி ஏறிய விளம்பரத்தைப் புகார் செய்தேன், “விதிமீறல் எதுவும் காணப்படவில்லை” என்று பதில். ஒரு மனிதன் உட்கார்ந்து படித்துத்தான் இந்தப் பதிலைப் போட்டானா?

வங்கியில் மூன்று முறை பேசினேன். ஒருமுறை 47 நிமிடம் காத்திருந்தேன். “நீங்களே உங்க கையால அனுமதி கொடுத்து அனுப்பினதுதானே சார்?” ஆமாம், நான்தான் அனுப்பினேன், ஏமாற்றப்பட்டு அனுப்பினேன் என்றால், அதற்கு அவர்களிடம் தனிப் பிரிவு இல்லையாம். நிலம் இருக்கும் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஷெரிஃப் அலுவலகத்தில், அதாவது காவல் அலுவலகத்தில், நீங்கள் வசிக்கும் கவுண்டியில் புகார் கொடுங்கள் என்றார்கள். இங்கே வந்தால், இது சிவில் விவகாரம் என்றார் முதலில் பேசியவர். அரை மணி நேரம் நின்று வாதாடிய பிறகுதான் ஒரு புகார் எண் கிடைத்தது. எஃப்.பி.ஐ.யின் ஐசி3 இணையப் புகார்ப் பக்கத்திலும் பதிந்திருக்கிறேன். 1,800 டாலர் திரும்ப வரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. அவன் பெயர் எங்காவது பதிவாகட்டும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. விரிவாக எழுத நினைத்தேன், நேரமில்லை. பணம் அனுப்புமுன் அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று, நில உரிமைப் பதிவுகளை வைத்திருக்கும் கவுண்டி ஆடிட்டர் அலுவலக இணையதளத்தில் பாருங்கள். இலவசம், ஐந்து நிமிட வேலை. நான் சனிக்கிழமை மத்தியானம் பார்த்தேன், அந்த அம்மாளின் குடும்பப் பெயர் பளிச்சென்று இருந்தது. செப்டம்பரில் பார்த்திருந்தால் 1,800 டாலர் என்னிடம் இருந்திருக்கும். விளம்பரக்காரன் பெயரும் அங்கே இருக்கும் பெயரும் ஒன்றா என்று அவனுடைய அடையாள அட்டையை நேரில் வாங்கிப் பாருங்கள். வாடை பரவும், மான் கலைந்துவிடும் என்று சொல்லி நிலத்துக்கு வரவேண்டாம் என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நடுப்பகலில் போய்வந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. வங்கி ஆப்பில் நேரடியாக அனுப்பாதீர்கள். யார் கட்டிய பரணாக இருந்தாலும் பகல் வெளிச்சத்தில் பட்டையைப் பார்க்காமல் ஏறாதீர்கள்.

அந்த விளம்பரத்தின் அடையாளம்: 64 ஏக்கர், வெள்ளை ஓக் முகடு, மூன்று பரண், நான்கு படம். இரண்டாவது படத்தில் இடது ஓரம் நீல நிறத் தகர டிரம் ஒன்று பாதி தெரியும். நாலாவதில் கூர் நுனி இலை. விலையை மாற்றுவான், படத்தை மாற்றவில்லை. கண்ணில் பட்டால் உடனே புகார் செய்யுங்கள், எனக்கும் ஒரு வரி போடுங்கள். அந்த அம்மாளுக்குத் தெரியப்படுத்த வேண்டும். இந்தச் சனிக்கிழமையும் யாராவது அந்தக் கேட்டில் வந்து நிற்கக் கூடும்.