மூன்று சேனல், இருநூறு கருவி: வயல்வெளியில் யார் எப்போது பேசுவது?

டெல்டாவில் வாய்க்கால் நீர்மட்டம், வயல் ஈரம், மோட்டார் ஓடுகிறதா நிற்கிறதா என்று சொல்லும் லோரா கருவிகளை (குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் பேசும் ரேடியோ கருவிகள்) வைக்க நினைப்பவர்கள் தூரத்தைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். ஊர் தண்ணீர் டேங்க் மேல் கேட்வே, அதாவது எல்லாக் கருவிகளின் செய்தியையும் வாங்கும் பெட்டி, வைத்தால் இந்தச் சமவெளியில் அது பெரிய தலைவலி இல்லை. 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய உரிமம் வேண்டாத அலைவரிசை எல்லாருக்கும் பொது என்பதுதான் தலைவலி. அதில் இந்தியாவுக்கென லோராவான் (லோரா கருவிகளும் கேட்வேயும் பேசிக்கொள்ளும் விதிமுறை) வைத்திருக்கும் அடிப்படைச் சேனல்கள் மூன்றே மூன்று. ஒரே சேனலில், ஒரே வேகத்தில் இரண்டு கருவிகள் சேர்ந்து பேசினால் பெரும்பாலும் இரண்டு செய்தியும் வீண். நிரம்ப வலுவான சிக்னல் மட்டும் சில சமயம் தப்பிக்கும்.

லோராவான் இயல்பாகப் பின்பற்றுவது அலோகா முறை. 1970களின் தொடக்கத்தில் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் குழு உருவாக்கியது. சொல்ல ஏதாவது இருந்தால் சொல்லிவிடு, யாரையும் கேட்காதே, அவ்வளவுதான் விதி. சேனலின் நேரத்தில் அதிகபட்சம் 18.4 சதவீதம்தான் உருப்படியாகப் பயன்படும் என்பதால் பாடப்புத்தகம் படித்தவர்கள் இதை மட்டமாகப் பார்ப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். இருநூறு கருவிகள் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 10 பைட் அனுப்புகின்றன. லோராவில் வேகத்தைக் குறிப்பது எஸ்.எஃப் எண்; எண் கூடினால் வேகம் குறையும், தூரம் கூடும். எஸ்.எஃப் 7 வேகத்தில் ஒரு செய்திக்கு 62 மில்லிநொடி. மூன்று சேனலில் பரவினால் மோதலில் போவது நூற்றுக்கு ஒன்றிரண்டு. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் வயலில் ஒரு அளவு தவறினால் என்ன, அடுத்த 10 நிமிடத்தில் இன்னொன்று வரப்போகிறது.

ஆனால் அதே இருநூறும் தூரத்துக்காக எஸ்.எஃப் 12க்குப் போனால் ஒரு செய்திக்கு 1.48 நொடி. அப்போது நூற்றுக்கு 28 போய்விடும். ஆகவே எட்டாத கருவியை எஸ்.எஃப் 12இல் கத்தவிடுவதைவிட இன்னொரு டேங்க் மேல் இன்னொரு கேட்வே வைப்பது மேல்.

அலோகா நிஜமாகவே சறுக்கும் இடம் வேறு. மேலே போட்ட கணக்கு எல்லாரும் தோன்றிய நேரத்தில் பேசுவார்கள் என்று நம்புகிறது. மும்முனை கரண்ட் வரும் நொடியைப் பாருங்கள். அந்த ஃபீடரில் இருக்கும் மோட்டார் பெட்டிகள் எல்லாம் சேர்ந்து விழித்து, சேர்ந்து 'வந்துட்டேன்' என்று சொல்லும். நாற்பது பெட்டிகள் எஸ்.எஃப் 12இல் ஒரே நொடிக்குள் பேசினால் ஏறக்குறைய எதுவும் தேறாது. முதல் செய்தியை 5 நிமிடத்துக்குள் ஏதோ ஒரு நேரத்தில் அனுப்பு என்று சிதறடித்தால் பத்தில் ஒன்பது தேறும். மென்பொருளில் ஒரே ஒரு வரி. ஐப்பசி அடைமழையில் நீர்மட்ட எச்சரிக்கைகள் ஒன்றாகக் கிளம்பும்போதும் இதே கதைதான்.

சரி, பேசும் முன் கேட்டுப் பார்த்தால்? வைஃபை அப்படித்தான் செய்கிறது. சேனல் காலியா என்று கேட்டு, 9 மைக்ரோநொடித் துண்டுகளில் ஏதோ ஒரு எண்ணிக்கை வரை காத்திருந்து, மோதினால் காத்திருப்பு வரம்பை இரட்டிப்பாக்கும். வீட்டுக்குள் அருமையான முறை. லோராவிலும் இதற்கு வழி உண்டு, எஸ்.எஃப் 12இல்கூட கேட்டுப் பார்க்க சுமார் 65 மில்லிநொடி போதும், பேட்டரிக்கு மலிவு. ஆனால் பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் வரப்போரமாக முழங்கால் உயரத்தில் நிற்கும் இரண்டு கருவிகளை நினைத்துக்கொள்ளுங்கள். இடையே 3 கிலோமீட்டர் தோப்பு. ஒன்று பேசுவது மற்றொன்றுக்குக் கேட்காது. உயரத்தில் இருக்கும் கேட்வேக்கு இரண்டும் கேட்கும். இரண்டும் 'காலிதான்' என்று முடிவு செய்து சேர்ந்தே பேசும். கருவிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மட்டும் இதற்குச் செலவு செய்யலாம்.

மூன்றாவது, முறை வைப்பது. மேட்டூரில் தண்ணீர் குறைந்தால் ஆறுகளுக்கு முறைப்பாசனம் விடுவது போல, ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நேரத்துண்டு. மோதலே இல்லை. ஆனால் எல்லாருடைய கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். 20 பி.பி.எம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) பிழையுள்ள சாதாரணக் கடிகாரக் கிரிஸ்டல் நாளுக்கு 1.7 நொடி வரை நழுவும். சித்திரை வெயிலில் காயும் பெட்டிக்குள் அந்த நழுவலும் நிலையாக இருக்காது. லோராவானில் வகுப்பு பி என்ற செயல்முறையில் கேட்வே 128 நொடிக்கு ஒருமுறை நேரக் குறி அனுப்பும். அதைக் கேட்டுத் திருத்திக்கொண்டால் நழுவல் 3 மில்லிநொடிக்குள் அடங்கும். விலை, அதைக் கேட்க அடிக்கடி விழிப்பதில் கரையும் பேட்டரி.

என் தேர்வு: நீர்மட்டம், ஈரம் எல்லாம் சிதறடித்த அலோகாவிலேயே இருக்கட்டும். மதகு ஷட்டரைத் திறக்கச் சொல்லும் ஆணை மட்டும் முறை வைத்துப் போகட்டும். அப்புறம், எல்லா அளவுக்கும் 'கிடைத்தது' என்று கேட்வே பதில் சொல்ல வேண்டும் என்ற அமைப்பை அணைத்துவிடுங்கள். கேட்வே பதில் சொல்லும் நேரத்தில் அதற்குக் காது கேட்காது. பதில் கிடைக்காத கருவி திரும்பவும் அனுப்பும், அந்த நெரிசலில் மற்றதும் போகும். ஷட்டர் திறந்ததா என்பதற்கு மட்டும் பதில் கேளுங்கள்.