டொரோண்டோவில, ஸ்கார்பரோவில இருந்து யோர்க் யூனிவர்சிட்டிக்கு: நாலு வருசம் பஸ்ஸில போய்ப் படிச்ச அனுபவம்

சித்தியின்ர மகள் கிரேட் 12. "அக்கா, வீட்டில இருந்தே யோர்க்குக்குப் போய் வர ஏலுமோ?" எண்டு போன கிழமை கேட்டவ. ஏலும். ஆனா எப்பிடி எண்டதை எனக்கு முதல் வருசம் ஒருத்தரும் சொல்லித் தரேல்லை, அதுதான் எழுதுறன்.

நான் 2015 செப்டெம்பரில தொடங்கி 2019 இல முடிச்சனான், அட்மினிஸ்ட்ரேட்டிவ் ஸ்டடீஸில அக்கவுண்டிங். வீடு ஸ்கார்பரோவில மெக்கவன், ஃபிஞ்ச் ரோட்டுகள் சந்திக்கிற பக்கம். 39 பஸ் எடுத்து ஃபிஞ்ச் ஸ்டேசன், அங்க இருந்து யோர்க்குக்கு 60 ஸ்டீல்ஸ் வெஸ்ட் பஸ். எல்லாம் சரியா வந்தா ஒண்டரை மணித்தியாலம், ஸ்னோ கொட்டினா ரெண்டுக்கு மேல. போக வர ஒரு நாளில மூண்டு மணித்தியாலம் ரோட்டில எண்டு வையுங்கோ.

2017 டிசம்பர் 17 சப்வே யோர்க் வரைக்கும் வந்திட்டுது, அப்பாவின்ர கூட்டாளிமார் எல்லாம் "இனி உனக்குச் சுகம் தானே பிள்ளை" எண்டவை. டவுன்டவுன் பிள்ளையளுக்கு உண்மையாவே சுகம்தான். ஆனா அந்த சப்வே, லைன் 1, ஒரு U மாதிரி, ஃபிஞ்ச் கிழக்குப் பக்கத்து நுனி, யோர்க் மேற்குப் பக்கம், ட்ரெயினிலயே போறதெண்டால் கீழ டவுன்டவுனில யூனியன் ஸ்டேசன் வரைக்கும் இறங்கித் திரும்ப மேல ஏறவேணும், அதால எங்களுக்கு அதுக்குப் பிறகும் 60 தான். மாறினது என்னெண்டா பின்னேரம் பஸ்ஸுக்கு கேம்பஸ் ஓரத்தில இருக்கிற பயனியர் வில்லேஜ் ஸ்டேசனில நிக்கலாம், முந்தி மாதிரி வெளியில காத்துக்க நிக்கத் தேவையில்லை. அந்த கேம்பஸ் 457 ஏக்கர், வெட்டை வெளி, ஜனவரியில அந்தக் காத்து முகத்தை வெட்டும். கேம்பஸ் நடுவில இருக்கிற வேரி ஹோல் கட்டிடத்துப் பக்கம் வகுப்பெண்டால் பயனியர் வில்லேஜில இருந்து ஒரு ஸ்டொப் ட்ரெயின் எடுத்து யோர்க் யூனிவர்சிட்டி ஸ்டேசனில இறங்குங்கோ, ஸ்டேசன் வாசல் வேரி ஹோலுக்குப் பக்கத்திலதான்.

முதல் வருசம் நான் செய்த பிழை, அஞ்சு நாளும் வகுப்பு எடுத்தது. அதில ரெண்டு நாள் 8:30 வகுப்பு. ஹைஸ்கூல் மாதிரி நினைச்சிட்டன். 5:45க்கு எழும்பி 6:45க்கு பஸ், வகுப்பில நித்திரை, முடிஞ்ச உடன பஸ்ஸுக்கு ஓட்டம். 50,000க்கு மேல பிள்ளையள் படிக்கிற இடத்தில ஏப்ரல் வரைக்கும் எனக்கு ஒரு ஃபிரெண்ட் இல்லை. சனத்துக்க தனிய இருக்கிறது எவ்வளவு பாரம் எண்டு அந்த வருசம்தான் விளங்கினது, அம்மாட்டக் கூடச் சொல்லேல்லை.

ரெண்டாம் வருசம் எல்லா வகுப்பையும் மூண்டு நாளுக்க அடக்கினன். நடுவில மூண்டு மணித்தியால இடைவெளி வரும், வீட்ட போய் வர ஏலாது, ஸ்கொட் லைப்ரரியில இருக்கிறதை விட வேற வழியில்லை. அந்த இடைவெளிதான் என்னைக் காப்பாத்தினது. ஒரே டுட்டோரியலில (பெரிய வகுப்பைப் பிரிச்சு நடத்துற சின்ன வகுப்பு) இருந்த ஒரு பிள்ளை, பிரம்ப்டனில இருந்து வாறவ, அவவுக்கும் அதே இடைவெளி, ஒரு நாள் டெப்ரிசியேசன் கணக்கு ஒண்டு ரெண்டு பேருக்கும் பிழைச்சு, அண்டையில இருந்து நாலாம் வருசம் வரைக்கும் சேர்ந்துதான் படிச்சம். பெரிய லெக்சர் ஹோலில உங்களை ஒருத்தருக்கும் தெரியாது, டுட்டோரியலுக்குக் கட்டாயம் போங்கோ, டீஏ, அதை நடத்துறவர், உங்கட பேர் தெரிஞ்சு கதைக்கிற ஒரே இடம் அது.

ஒரு பெப்ரவரி, மிட்டேர்ம் அண்டைக்கு ஸ்னோ, பஸ் ஃபிஞ்சில அசையாமல் நிண்டது. அழுகை வந்திட்டுது. பஸ்ஸுக்க இருந்தே ப்ரொஃபெசருக்கு ஃபோட்டோவோட ஈமெயில் அனுப்பினன், அடுத்த கிழமை எழுத விட்டவர். வீட்ட போய் ஆறுதலா அனுப்புவம் எண்டு இருக்காதேங்கோ, அந்த நிமிசமே அனுப்புங்கோ.

காசுக்கணக்குப் பார்த்தா வீட்டில இருந்து போனதுதான் சரி, ரெசிடென்ஸ் எடுத்திருந்தா ஓசாப், அதான் ஒன்டாரியோ அரசாங்கத்தின்ர படிப்புக் கடன், இன்னும் கனக்க ஏறியிருக்கும். ஆனா அதின்ர பாரம் வீட்டு ஆக்களுக்கும் இருக்கு. இரவு 10 மணிக்கு வகுப்பு முடியிற நாளில நான் மெக்கவனில இறங்க 11:30 ஆகும், அப்பா வேலையால வந்து சாப்பிடாமல் ஸ்டொப்புக்குப் பக்கத்தில காருக்க இருப்பார், ஹீட்டர் போட்டு.

தங்கச்சிக்கு ஒண்டு சொன்னன், கேம்பஸ் பார்க்க ஞாயிற்றுக்கிழமை காரில போகாத, வேலை நாளில பஸ்ஸில போய்ப் பார். வாற செவ்வாய் நான் லீவு போட்டிருக்கிறன், 6:45க்கு ரெண்டு பேரும் 39 எடுக்கிறம்.